கலமும் அளவும்: மீதூணின் காரணம் பற்றிய ஒரு வரலாற்றாராய்ச்சி

தேவாரத்தில் திருமுதுகுன்றம் எனப் பயின்ற ஊர், பழமலை எனவும் வழங்கப்பெற்று, பிற்காலத்தில் விருத்தாசலம் ஆயிற்று. மூன்று பெயர்க்கும் பொருள் ஒன்றே. மணிமுத்தாற்றங்கரையில் செம்பியன் மாதேவியாரின் கற்றளித் திருப்பணியைப் பெற்ற அவ்வூர் இன்று பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றுள்ளது. தம்பிரான் தோழர் இவ்வூரிற் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராண வரலாறு. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுதல் என்னும் உலக வழக்கு இதனொடு சார்த்திக் கூறப்படும். சுந்தரர்க்கு அது திருவருளால் கைகூடிற்று. ஏனையோர் திறத்தில் அவ்வழக்கு, இழந்த இடம் ஒன்றாகத் தேடும் இடம் வேறாகும் அறியாமையையே சுட்டுகின்றது. மீதூணுக்கும் உடற்பருமனுக்கும் காரணம் தேடுவோர் பலர் இங்ஙனமே செய்கின்றனர் என்பது எம் கருத்து. அதனை இலக்கியச் சான்றும் வரலாற்றுச் சான்றும் அறிவியல் முடிபும் கொண்டு நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி இன்று வேண்டப்படுவது ஏன் எனின், கூறுதும். தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் மிகை எடையுடையோர் 2015-16இல் நூற்றுக்கு 30.9ஆக இருந்தனர், 2019-21இல் 40.4 ஆயினர். ஆடவர் 28.2இலிருந்து 37.0 ஆயினர். ஐந்தாண்டு அளவில் நூற்றுக்கு ஒன்பது பேர் புதியராக இவ்வகையிற் சேர்ந்துள்ளனர். இவர்கள் அனைவரும் ஐந்தாண்டுக்குள் திடீரெனத் தம் நாவடக்கத்தை இழந்துவிட்டனர் என்று கூறுதல் பொருந்துமா? ஒருவர் குணத்தைக் காரணமாகக் காட்டலாம். ஒரு நாட்டின் குணம் ஐந்தாண்டில் மாறியது என்று காட்டுதல் அரிது. ஆயினும் ஊரார் பழியும் வீட்டார் ஏளனமும் பருத்த உடலுடையார்மீதே விழுகின்றன. மகளிர்மீது மிகுதியாக விழுகின்றன. ஆதலின் இது நூலாராய்ச்சியளவில் நிற்கும் வினாவன்று. ஒருவர்மீது சுமத்தப்பெறும் குற்றம் உண்மையா அன்றா என்னும் வழக்குமாம்.

1. கலம் என்னும் சொல்

பீங்கான் நகரை முன்வைத்து ஆராயப் புகுந்த யாம், முதற்கண் கலம் என்னும் சொல்லை நோக்குதல் தகும். கலம் என்பது மட்பாண்டம், உண்ணும் பாத்திரம், அணிகலன், மரக்கலம். அன்றியும், பன்னிரண்டு மரக்கால் கொண்ட முகத்தலளவையும் கலமே ஆகும். உண்ணும் பாத்திரத்துக்கும் நெல்லின் பேரளவைக்கும் ஒரே சொல் அமைந்திருத்தல் கருதத்தக்கது. பண்டைத் தமிழர் வாழ்வில் உணவு என்பது அளக்கப்பட்ட பொருளாகவே கலத்துக்கு வந்தது என்பதனை அச்சொல் காட்டிநிற்கின்றது.

கல்வெட்டுக்கள் இதற்குச் சான்று பகரும். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் வகுக்கப்பட்டது. பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததும் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளதுமான எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்லூரியில் 340 மாணவர் பயின்றனர். அவர்க்கும் இளநிலை, முதுநிலை என்னும் வேறுபாட்டிற்கேற்ப நாள்தோறும் நெல் அளந்து கொடுக்கப்பட்டது. உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என அடுக்கிச் செல்லும் வாய்பாடு வெறும் கணக்கன்று. யார் எவ்வளவு உண்பர் என்பதனை ஊரும் கோயிலும் அரசும் வரையறுத்த முறையும் அதுவே.

இவ்வளவை நீதியானது என்று யாம் கூற வந்திலேம். கலம் நிறைந்தோரும் கலம் வறியோரும் அக்காலத்தும் உளராயினர். யாம் கூறுவது இவ்வளவே: உண்ணும் அளவைத் தனி மனிதனின் மனம் மட்டும் வரையறுத்த காலம் தமிழ் வரலாற்றில் ஒருபோதும் இருந்ததன்று. விளைவு, பருவம், உழைப்பு, விலை, வழக்கம் என்னும் புற அளவுகள் எப்பொழுதும் அவன் கலத்தருகே நின்றன.

2. நூல்கள் கூறும் இருவகை விடை

மீதூணின் காரணம் பற்றித் தமிழ் நூல்கள் கூறுவனவற்றை இரு திறமாகப் பகுக்கலாம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை உண்ணும் முறைக்கே ஒதுக்கினார். முன்னுண்டது அற்றமை அறிந்து உண்பார்க்கு மருந்து வேண்டா என்பதும், வயிற்றுத் தீயின் அளவை அறியாது மிக உண்பார்க்கு நோய் அளவின்றி வளரும் என்பதும் அவர் கருத்துக்கள். அளவறியாது உண்பான் உணவை அவர் இரை என்னும் சொல்லாற் குறித்தமையும் நோக்கற்பாலது. விலங்கின் உணவுக்குரிய சொல் அது. ஆத்திசூடியும் மீதூணை விலக்குகின்றது. இவற்றைக் கொண்டு, மீதூண் ஒழுக்கக் குறையே என்று முடிவு கட்டுவோர் பலர். ஆயின் குறளை ஊன்றி நோக்குவார்க்கு வேறொன்று புலனாகும். வள்ளுவர் கூறும் அளவு நாழியும் உழக்கும் அன்று. அவ்வவர் வயிற்றுத் தீயின் அளவு. அஃது ஆளுக்கு ஆள் வேறுபடும். அன்றியும், அத்தீயின் குறிப்பை ஒருவன் அறியவல்லன் என்பதனை முன்னிலையாகக் கொண்டே அவ்வறிவுரை எழுந்தது. அக்குறிப்பே பிறழ்ந்தவனுக்கு என் செய்வது என்னும் வினாவை அவ்வதிகாரம் எழுப்பிற்றிலது.

அவ்வினாவை எழுப்பியது மணிமேகலை. விஞ்சையன் மனைவியாகிய காயசண்டிகை, பன்னீராண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியைக் காலாற் சிதைத்து, விருச்சிக முனிவன் சாபத்தால் யானைத்தீ என்னும் நோய்க்கு ஆளாயினாள். எத்துணை உண்ணினும் அவள் பசி தணிந்திலது. கணவன் கொணர்ந்த கனியும் கிழங்கும் அதனை ஆற்றவில்லை. சாத்தனார் அவளைப் பெருந்தீனிக்காரி என்று இகழ்ந்தாரல்லர். அவள் பசியை நோய் என்றே கூறினார். வினைப்பயன் என்னும் காரணத்தை அவர் காட்டினாலும், உண்ணும் செயலுக்கு முன்னே பசி என்னும் ஒன்று தன் இயல்பு திரிந்து நிற்றல் கூடும் என்பதனை அவர் உணர்ந்தார். மணிமேகலையும் அவளுக்கு அடக்கத்தை அறிவுறுத்தினாளல்லள், அமுதசுரபியினின்றும் ஒரு பிடி உணவு இட்டாள், நோய் தீர்ந்தது. மிகுதியாகக் கொடுத்தும் தீராத பசி, தக்கதைச் சிறிதளவு கொடுத்தமையால் தீர்ந்தது என்னும் இக்குறிப்பினை யாம் பின்னர் நினைவுகூர வேண்டும்.

பத்துப்பாட்டு மற்றுமொரு குறிப்பைத் தருகின்றது. பொருநராற்றுப்படையில் கரிகாலனது விருந்தை உண்ட பொருநன், கொல்லையை உழுத கொழுப்போலப் பல் மழுங்கும்வரை இரவும் பகலும் ஊன் தின்றதாகக் கூறுகின்றான். சிறுபாணாற்றுப்படையில் பாணன் மனையிலோ உப்பும் இன்றிக் குப்பைக்கீரை வேகின்றது. அவ்வறுமையைப் பிறர் காணாமல் கதவு அடைக்கப்படுகின்றது. வேறு வேறு பாட்டினவாயினும் இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்து நோக்குக. பல் மழுங்க உண்டவன், அடுப்பில் பூனை உறங்கிய வீட்டிலிருந்து வந்தவன். அவனது மீதூணுக்கு முன் நீண்டதொரு பசி நிற்கின்றது.

வடமொழி மருத்துவ நூலாகிய சரக சங்கிதை இதனை மேலும் நுண்ணிதாகக் காண்கின்றது. மிகையுண்டி, இனிப்பும் நெய்ப்பும் மிக்க உணவு, உழைப்பின்மை, பகலுறக்கம், கவலையின்மை ஆகியவற்றோடு பிறப்பின் இயல்பையும் அது பருமனுக்குக் காரணமாக எண்ணுகின்றது. அதனினும் சிறந்தது மற்றொரு கருத்து. கொழுப்பு உடலின் வழிகளை அடைத்துவிடுதலால் வாயு வயிற்றினுள்ளேயே திரிந்து தீயை மூட்டுகின்றது. அதனால் பருத்தவனுக்கு உண்டது விரைந்து செரித்துப் பசி மேலும் மிகுகின்றது என்பது அதன் கூற்று. மிக உண்டமையால் பருத்தான் என்பது உலகோர் துணிபு. பருத்தமையால் மிகப் பசித்தான் என்பது அந்நூலின் துணிபு. காரணமும் காரியமும் இடம் மாறுதல் கூடும் என்பதனைப் பண்டையோர் கண்டிருந்தனர் என்க.

3. பசியின் நினைவு

பொருநனுக்கு நேர்ந்தது யாது என்பதனை அறிய, இருபதாம் நூற்றாண்டின் ஆய்வொன்று துணை செய்கின்றது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பார், தாமே முன்வந்த 36 இளைஞர்க்கு ஆறு திங்கள் அரைவயிற்று உணவளித்தார். அவர்கள் தம் எடையில் ஏறத்தாழக் காற்பங்கை இழந்தனர். இரவும் பகலும் உணவைப் பற்றியே நினைந்தனர். சமையல் நூல்களைத் திரட்டிப் படித்தனர். கட்டுப்பாடு நீங்கியபின் அவர்கள் அளவின்றி உண்டனர். வயிறு நிறைந்த பின்னும் பசி தீர்ந்திலது என்றனர். இழந்த எடையைப் பெற்றபோது அவர்தம் உடற்கொழுப்பு முன்னையினும் மிகுந்திருந்தது. இவர்கள் உடலும் உள்ளமும் உறுதியுடையார் எனத் தேர்ந்தெடுக்கப்பெற்றோர். ஆதலின் அவர்களது மீதூணுக்குக் குணக்குறை காரணம் என்றல் இயலாது. பட்டினியே அதற்குக் காரணம்.

இதன் உள்ளியக்கம் பின்னர் விளங்கிற்று. 1994இல் லெப்டின் கண்டறியப்பட்டது. அது கொழுப்புத் திசு சுரந்து, சேமிப்பு உளது என்று மூளைக்கு அறிவிக்கும் சுரப்பு. 1999இல் கண்டறியப்பட்ட கிரெலின் இரைப்பையிற் சுரந்து பசியைத் தூண்டுவது. எடை குறையுங்கால் முன்னது குறைகின்றது, பின்னது மிகுகின்றது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, எடை குறைத்து ஓராண்டு கழிந்த பின்னும் இம்மாறுதல்கள் நீங்காமையைக் காட்டிற்று. உடல் தான் இழந்ததனை மறப்பதில்லை. உண்ணாதிருந்து இளைத்தவர் மீண்டும் பருத்தலை உறுதியின்மை என்று இகழ்வோர் இதனை அறியார்.

இனி, ஒரு நாட்டின் பட்டினியை நோக்குவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், நிவாரண வேலை செய்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் 1877இன் தொடக்கத்தில் வரையறுத்தார். மாகாணச் சுகாதார ஆணையராகிய கார்னிஷ் அதனை எதிர்த்தார்; உழைக்கும் உடலுக்கு அவ்வளவு போதாது என்று வாதிட்டார். சில திங்களில் அவ்வளவு உயர்த்தப்பெற்றது. அதற்குள் மாண்டோர் பலர். கோயிற் கல்வெட்டில் வாழ்வு தரும் கணக்காக நின்ற அளவு, ஈண்டுச் சாவின் விளிம்பைத் தொடும் கணக்காயிற்று.

பஞ்சத்தின் தடம் அடுத்த தலைமுறையில் தங்குமா? ஹாலந்து நாட்டில் 1944-45இல் நேர்ந்த பனிக்காலப் பஞ்சத்தின்போது கருவிலிருந்தோரைப் பற்றிய ஆய்வு 1976இல் வெளிவந்தது. கருக்காலத்தின் முற்பாதியில் தாய் பட்டினியுற்றிருப்பின், அம்மகன் 19 வயதில் பருத்த உடலினனாக இருக்கும் வாய்ப்பு மிகுந்திருந்தது. கருக்காலத்தின் இறுதியிலும் பிறந்த பின்னரும் பட்டினியுற்றோரிடத்து அவ்வாய்ப்புக் குறைந்திருந்தது. நம் நாட்டில் புனே நகரைச் சார்ந்த ஆய்வுகள், எடை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தைகளின் உடலில் தசை குறைந்தும் கொழுப்பு ஒப்பளவில் காக்கப்பெற்றும் இருத்தலைக் காட்டின. எலும்பு தோன்றும் கையும் கொழுப்புத் தங்கிய வயிறும் நம்மவரிடம் ஒருங்கே காணப்படுதற்கு இது ஒரு விளக்கம். தாது வருடப் பஞ்சமே இன்றைய பருமனுக்கு நேர்க்காரணம் என்று இவற்றைக் கொண்டு கூறிவிடலாகாது; நான்கைந்து தலைமுறையைத் தாண்டிச் செல்லும் அத்தகைய முடிபுக்கு இச்சான்றுகள் இடந்தரமாட்டா. தாயின் உணவு மகவின் உடலை வகுக்கின்றது என்னும் அளவே இவற்றாற் பெறப்படும், அவ்வளவும் பெரிதே.

4. முதுகுன்ற வட்டாரத்தில் அளவுகள் குலைந்த வரலாறு

விருத்தாசலத்தைச் சூழ்ந்த நிலத்திற் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கம்பும் வரகும் கேழ்வரகும் அதன் பழைய விளைபொருள்கள். கூழும் களியும் அன்றாட உணவாக, நெல்லஞ்சோறு திருநாளுக்கும் விருந்துக்கும் உரியதாக இருந்தது. உமி நீக்குதல் உரலில் நிகழ்ந்தது. மாவரைத்தல் திரிகையில் நிகழ்ந்தது. உணவு கலத்துக்கு வருமுன்னரே உடல் அதற்காக உழைத்தது. தவிட்டோடு கூடிய தானியம் வயிற்றில் நெடுநேரம் தங்கிற்று. இவை அனைத்தும் அளவுகளே. எனினும் எவரும் அவற்றை அளவு என்று அறிந்திலர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலக்கடலை இம்மாவட்டத்தின் பெரும் பணப்பயிராயிற்று. மணிலாக்கொட்டை என்னும் பெயர் மல்லாட்டை எனச் சிதைந்து இவ்வட்டாரப் பேச்சில் இன்றும் வழங்குகின்றது. தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. எண்ணெய் வித்தை விளைத்த குடியானவன் வீட்டில் எண்ணெய் அருகியே இருந்தது. விலை என்னும் அளவு அங்கே நின்றது. விருத்தாசலத்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் பின்னர் நிலக்கடலையிலும் முந்திரியிலும் புதிய வகைகளை வெளியிட்டு விளைவைப் பெருக்கிற்று.

அரிசியின் வரலாறு அரசியலோடு பிணைந்தது. 1952இல் இராசாசி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1960களின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு கடுமையாயிற்று. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது பெரும் வாக்குறுதியாகி, ஆட்சி மாறியபின் ரூபாய்க்கு ஒரு படி சென்னையிலும் கோவையிலும் வழங்கப்பெற்றது. ஒரு முகத்தலளவை ஆட்சி மாற்றத்துக்குத் துணைநின்றமை, பசி எத்துணைப் பெரிதாக இருந்தது என்பதற்குச் சான்று. 1956இல் காமராசர் காலத்தில் விரிந்த பள்ளி மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2008இல் வந்த கிலோ ஒரு ரூபாய் அரிசியும், 2011இல் வந்த விலையில்லா அரிசியும் அப்பசியை வென்ற படிகள். 2007 முதல் பாமாயிலும் பருப்பும் மானிய விலையில் கிடைத்தன. இவற்றைக் குறை கூறுதல் எம் நோக்கமன்று. பட்டினி நீங்கியது பெரும்பேறு. ஆயினும் கூழும் களியும் இருந்த இடத்தில் தீட்டிய வெள்ளரிசி மூன்று வேளையும் வந்தமைந்ததும், எண்ணெய் அருமை நீங்கியதும், சர்க்கரையிட்ட தேநீர் நாள்தோறும் பன்முறை பருகப்பெற்றதும் ஒருங்கே நிகழ்ந்தன. பஞ்சத்துக்கு அஞ்சிய உடலின்முன் பஞ்சமில்லாத கலம் வைக்கப்பட்டது.

பழக்கங்கள் உடனே மாறுவன அல்ல. இல்லத்தில் அனைவரும் உண்டபின் உண்ணும் பெண், எஞ்சியதை வீணாக்கலாகாது என்று தன் கலத்தில் இட்டுக்கொள்ளுதலை இன்றும் காண்கின்றோம். எஞ்சுவது சிறிதாயிருந்த காலத்தில் அச்செயல் அவளைப் பட்டினியாக்கிற்று. எஞ்சுவது மிகுதியான காலத்தில் அதே செயல் அவளைப் பருக்கச் செய்கின்றது. விருந்தினர் போதும் என்று இலையைக் கையால் மறைத்த பின்னும் இன்னும் ஒரு கரண்டி இடும் உபசாரமும் இத்தகையதே. ஒழுக்கம் மாறவில்லை, அதனைச் சூழ்ந்த அளவு மாறிற்று.

அண்மைக் காலத்தில் இவற்றோடு மற்றொன்று சேர்ந்தது. ஆலையில் ஆக்கப்பெற்ற பொட்டல உணவு சிற்றூர்ப் பெட்டிக்கடைகளிலும் தொங்குகின்றது. இவ்வுணவின் தன்மையை 2019இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் என்பார் ஆராய்ந்தார். இருபதின்மர்க்கு இரு கிழமை ஆலையுணவும், இரு கிழமை இயல்பான உணவும் வேண்டிய அளவு உண்ணுமாறு கொடுக்கப்பட்டன. இருவகையிலும் பரிமாறப்பட்ட சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு முதலியன ஒத்த அளவின. எனினும் ஆலையுணவின்போது அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாக உண்டனர், எடையும் கூடினர். அதே மனிதர், அதே மனவுறுதி. உணவு மட்டும் வேறு. மணிமேகலையின் குறிப்பு ஈண்டு நினைவுக்கு வருகின்றது: பசியைத் தீர்ப்பது உணவின் மிகுதி மட்டுமன்று, உணவின் இயல்புமாம்.

5. உழைப்பும் பசியும்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழில், நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் வெண்களிமண் கிடைத்தலை ஒட்டி வளர்ந்தது. பழைய குயவர் மண்ணைக் காலால் மிதித்துப் பதப்படுத்தினர். கோல்கொண்டு சக்கரம் சுழற்றினர். பீங்கான் தொழிலிலோ அரைத்தலும் பிசைதலும் பொறியின் பாற்பட்டன. குழம்பை அச்சில் வார்த்தலும் மெருகு பூசுதலும் அமர்ந்தோ நின்றோ செய்யும் கைவினைகள். இம்மாறுதல் எல்லாத் தொழில்களுக்கும் பொது. உழைப்புக் குறைந்தால் பசியும் குறையவேண்டுமன்றோ? குறையுமாயின் பருமன் தோன்றாது.

இவ்வினாவுக்கு விடை தந்தது நம் நாட்டுத் தொழிலாளரைப் பற்றிய ஆய்வே. ஜீன் மேயர் என்பாரும் அவருடன் உழைத்த இந்திய அறிஞரும் மேற்கு வங்கத்துச் சணல் ஆலையொன்றின் தொழிலாளர் 213 பேரை ஆராய்ந்து 1956இல் முடிபு வெளியிட்டனர். மூட்டை சுமப்போர் மிக உண்டனர், ஆயினும் பருத்தாரல்லர். இலேசான வேலை செய்தோர் குறைவாக உண்டனர், எடையும் குறைவு. ஆயின் நாள் முழுதும் அமர்ந்திருந்த எழுத்தரும் கடைக்காரரும் இலேசான வேலை செய்தோரினும் மிகுதியாக உண்டனர், எடையும் மிகுந்திருந்தனர். உழைப்பு ஓரளவுக்குக் கீழே செல்லுங்கால் பசி அதனைப் பின்தொடர்ந்து குறைவதில்லை என்பது இதனாற் புலனாயிற்று. வள்ளுவர் கூறிய தீயின் அளவை உடலுக்கு அறிவிப்பவற்றுள் உழைப்பும் ஒன்று போலும்.

உழைப்பின்மையே முழுக்காரணம் என்று கொள்ளுதலும் பிழையாகும். ஆப்பிரிக்க நாடாகிய தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களை ஆராய்ந்து 2012இல் வெளியிடப்பெற்ற முடிபு, நாள்தோறும் நெடுந்தொலைவு நடக்கும் அவர்கள் உடல் செலவிடும் ஆற்றல், உடலளவை ஒப்பிட்டு நோக்க, நகரத்து மேலைநாட்டார் செலவிடுவதோடு ஏறத்தாழ ஒத்ததே எனக் காட்டிற்று. உழைப்புப் பெரும்பயனுடையது, எரிக்கும் கொழுப்பினால் மட்டுமன்று. பசியை நெறிப்படுத்தலாலும் ஆம் என இவ்விரு ஆய்வுகளையும் இயைத்துக் கொள்ளலாம்.

6. ஒரு தடை, அதற்கு விடை

ஒரே ஊரில், ஒரே உணவுண்டு, ஒரே தொழில் செய்வாருள் ஒருவர் பருத்தும் ஒருவர் மெலிந்தும் இருத்தல் எற்றால் எனின், அது பிறப்பின் இயல்பு பெரிதும் வேறுபடுதலால் ஆகும். பிரிந்து வளர்ந்த இரட்டையரைப் பற்றி 1990இல் வெளிவந்த ஆய்வு, உடற்பருமனில் மரபின் பங்கு பெரிது எனக் காட்டிற்று. சரகர் பிறப்பியல்பை எண்ணியமை பழுதன்று. எனின், மரபு ஐந்தாண்டில் மாறாதே எனலாம். உண்மை, மரபு எவர் முதலிற் பருப்பர் என்பதனை வகுக்கின்றது, சூழல் எத்துணைப் பேர் பருப்பர் என்பதனை வகுக்கின்றது. வெள்ளம் வருங்கால் தாழ்ந்த வீடு முதலில் மூழ்குகின்றது. தாழ இருந்தது வீட்டின் இயல்பு. அதனால் வெள்ளத்துக்குக் காரணம் அவ்வீடு என்பார் எவரும் இலர்.

மனவுறுதிக்கு இடமே இல்லையோ எனின், உண்டு. ஆயினும் அது பசியோடு ஒருநாள் பொருதல் வேறு. வாழ்நாள் முழுதும் பொருதல் வேறு. அண்மை ஆண்டுகளில் பசியைத் தணிக்கும் புதிய ஊசி மருந்துகள் வழக்கிற்கு வந்துள்ளன. அவற்றைப் பெற்றோர், உணவைப் பற்றிய ஓயாத நினைவு அடங்கியது என்று கூறுகின்றனர். மருந்து ஒருவர் ஒழுக்கத்தை மாற்றவல்லதன்று. சுரப்பின் குறிப்பையே மாற்றுகின்றது. அங்ஙனமாயின் முன்னர்க் குறைந்திருந்ததும் ஒழுக்கம் அன்று என்பது பெறப்படும். காயசண்டிகையின் நோயை நோய் என்றே கூறிய சாத்தனார் கூற்று இவ்வகையில் வலியுறுகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன தெளிவாகும். உண்ணும் அளவைத் தமிழர் வாழ்வில் நெடுங்காலம் வரையறுத்தவை விளைவும் விலையும் உழைப்பும் தானியத்தின் இயல்புமே. அவ்வரையறை பலகாற் கொடிதாகவும் இருந்தது. பஞ்சமும் அதன் ஒரு முகம். பட்டினியை அறிந்த உடல், கிடைக்குங்கால் மிக உண்ணவும் உண்டதைக் கொழுப்பாகக் காக்கவும் அமைந்தது. அரை நூற்றாண்டுக்குள் அப்புற அளவுகள் பெரும்பாலும் நீங்கின. அவை அனைத்தும் தாங்கிய சுமை, வள்ளுவர் கூறிய அகத்தீயின் குறிப்பு ஒன்றன்மீதே வந்து விழுந்தது. அக்குறிப்போ மாறிய உணவாலும் குறைந்த உழைப்பாலும் முன்னரே பிறழ்ந்திருந்தது. மீதூண் என்பது இப்பிறழ்ச்சியின் விளைவு. பருமன் அதன் புறத்தோற்றம்.

பழைய வறுமைக்கு மீளுதல் இதற்கு மருந்தாகாது. கூழுண்ட காலத்தைப் போற்றுவோர், கதவடைத்துக் கீரை வேகவைத்த பாணன் மனைவியை மறந்தோராவர். வேண்டுவது, பசியை ஒழித்த அரசும் ஊரும் இனி உணவின் இயல்பிலும் கருத்துச் செலுத்துதல்: வழங்கும் தானியத்துள் கம்புக்கும் கேழ்வரகுக்கும் இடமளித்தல், கருவுற்ற தாயின் கலத்தை நிரப்புதல், பள்ளிச் சிறார் கையில் ஆலைப்பொட்டலம் எளிதிற் சேராமற் காத்தல் என்பன.

பருத்த உடலைக் கண்டு அவ்வுடலுக்குரியார் வயிற்றிலேயே முழுக்காரணத்தையும் தேடுவோர், ஆற்றிலே இட்டதைக் குளத்திலே தேடுகின்றனர். நாம் இழந்த அளவு வயிற்றில் இழக்கப்படவில்லை. வயலிலும் ஆலையிலும் அங்காடியிலும் அடுக்களையிலும் இழக்கப்பட்டது. சுந்தரர்க்கு அருளியவாறு குளத்திற் பொன் கிட்டும் என்று நாம் எதிர்பார்த்தல் இயலாது. ஆற்றங்கரைக்கே சென்று தேடுதல் வேண்டும்.